அந்தச் சுவருக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்?

தெற்கு பிரான்சில் ஆரஞ்ச் என்றொரு சிறு நகரம். அங்கே ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கு ஒன்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. மேடைக்குப் பின்னால் 37 மீட்டர் உயரம், 103 மீட்டர் நீளத்துக்கு ஒரு கற்சுவர். அதன் நடு மாடத்தில் பேரரசன் அகஸ்டஸின் சிலை. 1986 ஆகஸ்டில் இந்தச் சுவருக்கு முன்னால் இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான தி க்யூர் பாடி வாசித்ததை இயக்குநர் டிம் போப் 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார். 'தி க்யூர் இன் ஆரஞ்ச்' என்ற பெயரில் 1987இல் படம் வெளிவந்தது.

கோதிக் ராக் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் விளக்கம் சொல்வதில்லை, இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிவிடுவேன். தி க்யூரின் பாடகர் ராபர்ட் ஸ்மித்துக்குத் தம் குழுவை அந்தப் பெயரால் அழைப்பது பிடிக்காது என்பது தெரியும். ஆனாலும் இருட்டு, புகை, கல், உதட்டுச் சாயம், நீண்டு நீண்டு போகும் பேஸ் கிட்டார் என்று இந்த இசையைப் பற்றி மனத்தில் எழும் எல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கின்றன. படத்தின் தொடக்கத்தில் ராபர்ட் ஸ்மித் தலையில் இருப்பது விக். அந்தக் கோடையில்தான் அவர் தம் புகழ்பெற்ற கலைந்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். விக் கழற்றப்படும்போது உள்ளிருந்து குட்டை முடியோடு ஒரு சாதாரண இளைஞர் வெளிப்படுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணம் எனக்கு அலுத்ததில்லை.

என் அக்கா மகளோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாதிப் படம் ஓடியிருக்கும், அவள் கேட்டாள்: "சித்தி, இந்த மேடையில் நம்மைப்போல் ஒருவர்கூட இல்லையே?" குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு அந்த இசை பிடித்திருந்தது. கறுப்பு உடையும் கறுப்புக் கண்மையும் அவளுக்கு ஏற்கெனவே பழக்கம். தான் நுழையும் வீட்டில் தன்னைப் போன்றவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நேரடியான பதில் எளிது. மேடையில் ஐந்து பேர்: ராபர்ட் ஸ்மித், சைமன் கேலப், போர்ல் தாம்ப்சன், போரிஸ் வில்லியம்ஸ், லோல் டோல்ஹர்ஸ்ட். ஐவரும் வெள்ளையர், ஐவரும் ஆண்கள். கேமரா பெரும்பாலும் அவர்களைவிட்டு நகர்வதில்லை.

ஆண்கள் என்று சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்மித்தின் வாயைச் சுற்றிக் கலைந்து பரவிய சிவப்புச் சாயமும், வியர்வையில் கரைந்து கன்னத்துக்கு இறங்கும் மையும் 1986இல் ஓர் ஆணின் முகத்தில் இருந்தன. பெண்போல் நடிக்கவும் இல்லை, கேலிக்காகப் பூசிக்கொள்ளவும் இல்லை. அது அவருடைய முகம், அவ்வளவுதான். ஆண் அழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களைப் பற்றிய பாட்டை அந்த முகத்தோடு அவர் பாடுகிறார். ஆண்பிள்ளை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த எத்தனையோ பையன்களுக்கு இந்தப் படம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வகையில் இது பலரை உள்ளே அழைத்த படம்.

நிறம் என்று வரும்போதுதான் கதவு குறுகுகிறது.

இந்தக் கோதிக் இசையை விரும்புவோர் போட்டுக்கொள்ளும் கோத் ஒப்பனையின் முதல் படி வெள்ளைப் பவுடர். வெளிறிய முகம், அதன்மேல் கறுப்பு. பிணத்தின் நிறம், நிலவின் நிறம், ஊமைப்படக் காலத்து நடிகர்களின் நிறம் என்று அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த ஒப்பனைக் குறிப்புகள் அத்தனையும் 'உங்கள் நிறத்தைவிட இரண்டு படி வெளிர்' என்று தொடங்கும்போது, அந்த 'உங்கள்' யாரைக் குறிக்கிறது என்பது என்னைப் போன்ற கருநிறத்தவருக்கு உடனே புரிந்துவிடும். என் தோலில் அந்தப் பவுடர் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். நான் அதை விட்டு நெடுங்காலமாகிறது. கருநிறத்தில் அடர் ஊதா உதட்டுச் சாயம் ஏறும் ஆழம் வெளிர் தோலில் வராது. கண்ணுக்குக் கீழே வெள்ளிக்கோடு ஒன்று இழுத்தால் இருட்டான அறையில் அது மட்டும் தனியாக மின்னும். இருளைக் கொண்டாடும் ஒரு கலாசாரத்துக்கு இருண்ட தோல் பொருந்தாது என்று யார் முடிவு செய்தார்கள்? யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. படங்கள் முடிவு செய்தன. சுவரொட்டிகளும் இசைத்தட்டு உறைகளும், முக்கியமாக இதுபோன்ற கச்சேரிப் படங்களும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். இந்த இசையில் வெள்ளையர் மட்டுமே இருந்ததில்லை. அவர்கள் மட்டும் இருந்த இரவுகள் நல்ல பிலிமில், நல்ல ஒளியில் படமாயின. மற்ற இரவுகள் பெரும்பாலும் கரைந்துபோயின. பின்னால் வந்த நாம், எஞ்சியிருக்கும் படத்தைப் பார்த்து அதுவே முழு வரலாறு என்று எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்காட்டு அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆரஞ்ச் படத்தில் முதலில் வரும் பாட்டு 'ஷேக் டாக் ஷேக்'. கனத்த, இழுத்து இழுத்து நடக்கும் டிரம்ஸ். ஒவ்வோர் அடியும் தரையில் கால் ஊன்றுவதுபோல் விழும். அடுத்து 'பிக்கி இன் த மிரர்'. இரண்டும் 1984இல் வந்த 'தி டாப்' ஆல்பத்தின் பாட்டுகள். அந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஆண்டி ஆண்டர்சன். லண்டனில் பிறந்த கறுப்பினத்தவர். 1983இலும் 1984இலும் அவர்தான் தி க்யூரின் டிரம்மர். இங்கிலாந்தின் பாட்டுத் தரவரிசையில் அவர்களுக்கு முதன்முதலாக முதல் பத்துக்குள் இடம் வாங்கிக்கொடுத்த 'தி லவ்கேட்ஸ்' பாட்டில் ஜாஸ் நடையில் துள்ளும் டிரம்ஸ் அவருடையது. 1984இல் வந்த 'கான்சர்ட்' என்ற நேரலை ஆல்பமும் அதே 'ஷேக் டாக் ஷேக்' பாட்டில்தான் தொடங்குகிறது. அதில் வாசிப்பவர் ஆண்டர்சன்.

1984 அக்டோபரில் டோக்கியோவின் நகானோ சன் பிளாசா அரங்கில் நடந்த கச்சேரி வீடியோவாக எடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜப்பானில் மட்டும் வெளியானது. ஆண்டர்சனைத் தி க்யூர் மேடையில் ஒரு முழுக் கச்சேரிக்கும் பார்க்க வேண்டுமானால் இந்த வீடியோவைத்தான் தேடிப் போக வேண்டும். அவருடைய கையைக் கவனித்துப் பாருங்கள். கனமான பாட்டில்கூட அவர் முழு பலத்தையும் எல்லா அடியிலும் போட்டுவிடுவதில்லை. ஓர் அடியை விட்டுப் பிடித்து அடுத்ததில் இறக்குவார். ராக் டிரம்மர்களில் பலருக்கு வராத தாராளம் அது. போரிஸ் வில்லியம்ஸ் அருமையான கலைஞர், ஆரஞ்சில் அவர் வாசிப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். தாளம் இம்மி பிசகாது. ஆனால் படத்தின் முதல் பாட்டில் அவர் நடக்கும் பாதை ஆண்டர்சன் போட்ட பாதை. அந்த நடையைக் கேட்கும்போதெல்லாம் அங்கே இன்னொருவரும் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

அந்த ஜப்பான் பயணத்தோடு ஆண்டர்சனுக்கும் குழுவுக்கும் இருந்த உறவு முறிந்தது. இசைக்குழுக்களில் இப்படி நடப்பது சகஜம். நிறத்தால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை. நான் சொல்வது படத்தைப் பற்றி. அவர் குழுவில் இருந்த காலத்தின் வீடியோ ஒரே ஒரு நாட்டில் வெளியானது. அவர் போன பின் எடுத்த படம் பெரிய பிலிமில், ரோமானிய அரங்கில், திரையரங்குகளுக்காக எடுக்கப்பட்டது. தி க்யூர் என்றதும் உலகத்தின் மனக்கண்ணில் எழுவது இரண்டாவது படம். 2019 பிப்ரவரி 26 அன்று ஆண்டர்சன் புற்றுநோயால் இறந்தார், வயது 68. அடுத்த மாதம் தி க்யூர் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்ட உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. குறுகிய காலம் இருந்த மற்றச் சிலரின் பெயர்களும் இல்லைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கோத் இசை விரும்பும் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு, சிறுமிக்கு, அந்த ஒரு பெயர் மேடையில் ஒலித்திருந்தால் என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்து மற்றப் பெரிய கச்சேரிப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். சூசி அண்ட் த பான்ஷீஸின் 'நாக்டர்ன்' 1983இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது. அங்கே கிட்டார் வாசிப்பவரும் ராபர்ட் ஸ்மித்தான். ஆனால் மேடை சூசி சூவுடையது. ஒரு பெண் நடுவில் நின்று, யாருடைய கண்ணுக்கும் இனிமையாக இருக்க முயலாமல், கையை வெட்டி வீசி, காலை உதைத்து ஆடிப் பாடுகிறார். இந்த இசையின் தலைமகள் அவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியின் 'வேக்' 1985இல் அதே ஆல்பர்ட் ஹாலில் எடுத்தது. அதில் புகை அதிகம், முகமே சரியாகத் தெரியாது. டிரம்ஸ் வாசிப்பது இயந்திரம். ஆரஞ்சையும் சேர்த்து இந்த மூன்று படங்களிலும் மேடையில் வெள்ளையர் மட்டுமே.

இதே ஆண்டுகளில் பிராட்ஃபோர்டில் சதர்ன் டெத் கல்ட் என்ற குழு இருந்தது. பௌஹாஸ் என்ற கோத் குழுவுடன் சேர்ந்து இங்கிலாந்தைச் சுற்றி வந்தவர்கள். அவர்களுடைய டிரம்மர் அகி நவாஸ், பாகிஸ்தானியக் குடும்பத்துப் பிள்ளை. கோத் இசையின் பிறப்பிடத்தில், அது இன்னும் பெயர் வாங்காத காலத்தில், நம் துணைக்கண்டத்து முகம் ஒன்று டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. எனக்கு இது தெரியவந்த நாளில் யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் என்று துடித்தேன். குழு 1983இல் கலைந்தது. பாடகர் இயன் ஆஸ்ட்பரி பின்னர் தி கல்ட் குழுவோடு உலகப் புகழ் பெற்றார். நவாஸ் நேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தையும் ஃபன்-டா-மென்டல் என்ற குழுவையும் உருவாக்கி, இனவெறிக்கு எதிராக ஓங்கிக் குரல் கொடுக்கும் இசை செய்தார். கோத் வரலாற்றில் ஆஸ்ட்பரிக்குப் பக்கங்கள் கிடைக்கின்றன, நவாஸுக்கு ஒரு வரி.

அந்தக் குழுவிலேயே இன்னொரு முரண் இருந்தது. ஆஸ்ட்பரிக்கு அமெரிக்கப் பூர்வகுடிகள்மேல் தீராத மோகம். குழுவின் பெயரிலும் பாட்டிலும் அவருடைய தோற்றத்திலும் அந்த மோகம் இருந்தது. மேடையில் இல்லாத ஒரு மக்களின் அடையாளத்தை வெள்ளைக்காரப் பாடகர் முன்னால் நின்று அணிந்துகொள்ள, புலம்பெயர்ந்த குடும்பத்தின் மகன் பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இதைக் கவனித்த பின், இந்த இசை முழுவதிலும் அதே ஏற்பாடு எனக்குத் தெரியத் தொடங்கியது. பாட்டுக்குள் எல்லா நாட்டு மக்களும் இருக்கிறார்கள், மேடையில் இல்லை. சூசி அண்ட் த பான்ஷீஸ் முதன்முதலாக வெளியிட்ட பாட்டு 'ஹாங்காங் கார்டன்', 1978. சூசி தம் வீட்டுப் பக்கத்தில் இருந்த சீன உணவகத்து ஊழியர்களை மொட்டைத்தலை ரவுடிகள் துன்புறுத்தியதைக் கண்டு எழுதிய பாட்டு. நோக்கம் நல்லது, ஆனால் பாட்டு வரிகளில் சீனர் என்றால் இப்படித்தான் என்ற தேய்ந்த சித்திரங்கள் நிறைய. ஆரஞ்ச் படத்தில் ஜப்பானிய நகரத்தின் பெயரைத் தாங்கிய 'கியோட்டோ சாங்' வருகிறது. ஓசையிலும் இதே கதைதான். பௌஹாஸ் 1979இல் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும் 'பெலா லுகோசிஸ் டெட்' பாட்டை வெளியிட்டது. கோத் இசையின் தொடக்கப்புள்ளி என்று பலரும் காட்டுவது அதைத்தான். அதில் அடி விழுந்து எதிரொலித்து எதிரொலித்துத் தேயும் அந்த வெளி, ஜமைக்காவின் டப் இசையிடம் கற்றது. அந்தக் குழுவினரே அதை மறைத்ததில்லை. கல்லறை, வௌவால், கோட்டை என்று நாம் காதால் காணும் அந்த இருட்டு, கிங்ஸ்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கறுப்பினக் கலைஞர்கள் கண்டுபிடித்த எதிரொலியால் கட்டப்பட்டது.

இனி, இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எவரும் தாண்டிப் போக முடியாத பாட்டுக்கு வருகிறேன். படம் முடியும் தறுவாயில் தி க்யூர் 'கில்லிங் ஆன் அராப்' பாடுகிறார்கள். ஓர் அரபு மனிதனைக் கொல்வது என்று பொருள்.

1978இல் வெளிவந்த அவர்களுடைய முதல் பாட்டு அது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட 'அந்நியன்' நாவலில், அல்ஜீரியக் கடற்கரையில் வெயில் கண்ணைக் கூச, கையில் துப்பாக்கியோடு கதைநாயகன் மெர்சோ ஓர் அரபு மனிதனைச் சுட்டுக் கொல்லும் காட்சியே அதன் பொருள். பள்ளிப் பருவத்தில் அந்த நாவலைப் படித்த ஓர் ஆங்கிலேயப் பையன் எழுதிய பாட்டு. அதில் வெறுப்பு இல்லை, வெறுமைதான் இருக்கிறது. நாவலைப் படித்தவர்களுக்கு அது உடனே புரியும்.

படிக்காதவர்களுக்கு? 1986இல் வந்த அவர்களுடைய தொகுப்பு ஆல்பத்தில் இந்தப் பாட்டு இடம்பெற்றபோது, அமெரிக்காவில் அரபு வெறுப்பைத் தூண்ட அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று அங்குள்ள அரபு அமெரிக்க உரிமை அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. முடிவில் ஆல்பத்தின்மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது: இந்தப் பாட்டில் இனவெறி இல்லை, எல்லாவகை முன்முடிவையும் அதனால் விளையும் வன்முறையையும் இது எதிர்க்கிறது, அரபு மக்கள்மீது வெறுப்பை வளர்க்க இதைப் பயன்படுத்துவதைக் குழு கண்டிக்கிறது என்ற பொருளில். பின்னாளில் ஸ்மித் மேடையில் அந்தப் பாட்டின் சொற்களை மாற்றியும் பாடியிருக்கிறார். புகாரை அவர் அலட்சியம் செய்யவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் படம் எடுத்த இடத்தையும் காலத்தையும் கொஞ்சம் பாருங்கள். அல்ஜீரியா 1962இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சுக் குடியேறிகளில் ஏராளமானோர் தெற்கு பிரான்சில் வந்து தங்கினார்கள். அல்ஜீரியத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அதே பகுதிகளில் வாழ்ந்தார்கள். 1983இல் இனவெறிக்கு எதிராகவும் சமத்துவம் கேட்டும் அந்தப் பிள்ளைகள் தெற்கே மார்செய்யிலிருந்து பாரிஸ் வரை நடந்தே போனார்கள். 1986 மார்ச் தேர்தலில், குடியேறிகளை எதிர்ப்பதையே கொள்கையாக வைத்திருந்த தேசிய முன்னணிக் கட்சி பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் 35 இடங்களைப் பிடித்தது. ஆகஸ்டில் ஆரஞ்சில் கச்சேரி. டிசம்பரில் பாரிஸில் அல்ஜீரிய வம்சாவளி மாணவர் மாலிக் உசெகின் போலீஸ்காரர்களால் அடித்துக் கொல்லப்பட்டார், வயது 22. 1995இல் ஆரஞ்ச் நகரமே தேசிய முன்னணி வேட்பாளரை மேயராகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்ப்பது எளிதாக இல்லை. கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பாட்டு வேகமானது, மூச்சு முட்ட ஓடும் கிட்டார், ஆடத் தோன்றும். அந்தக் கல் படிக்கட்டுகளில் எங்கோ ஓர் அல்ஜீரியக் குடும்பத்துப் பிள்ளை, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்மித்தைப் பார்க்க ஆசை ஆசையாக வந்து உட்கார்ந்திருந்தால், ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பல்லவியைச் சேர்ந்து பாடும்போது எங்கே பார்த்திருக்கும்? கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் இந்தப் படம் இன்னும் பெரிய படமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

காம்யுவின் நாவலில் கொல்லப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. கடைசிவரை அவன் 'அந்த அரபு' மட்டும்தான். பாட்டிலும் அப்படியே. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் எழுதிய 'மெர்சோ, எதிர் விசாரணை' நாவல், கொலையுண்டவனின் தம்பியைப் பேசவைக்கிறது. கொலையுண்டவனுக்கு அதில் பெயர் இருக்கிறது, மூசா. அவனுக்கு ஒரு தாய் இருக்கிறாள், அவனைத் தேடி அலைந்த கதை இருக்கிறது. அக்கா மகளுக்கு அந்தப் புத்தகத்தைத்தான் கொடுத்தேன். படத்தையும் பாட்டையும் புத்தகத்தையும் சேர்த்து வைத்துக்கொள் என்றேன். இந்தப் பாட்டைப் படத்திலிருந்து வெட்டிவிட வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இரவு நடந்தது, நடந்தபடியே இருக்கட்டும். வெட்டிவிட்டால் அந்தக் கேள்வியும் அதோடு போய்விடும்.

"அப்படியானால் இதைப் பிடித்திருக்கிறது என்று சொல்வது தப்பா, சித்தி?" என்று கேட்டாள். தப்பே இல்லை. எனக்கும் பிடிக்கும், இனியும் பார்ப்பேன். 'ஏ ஃபாரஸ்ட்' பாட்டின் முடிவில் எல்லாம் அடங்கி, சைமன் கேலப் தொடை வரை தாழத் தொங்கும் பேஸை மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருப்பாரே, அந்த இடத்தில் என் மயிர் கூச்செறிவது இன்றுவரை நிற்கவில்லை. 'ஃபெய்த்' பாட்டில் ஸ்மித்தின் குரல் அந்தக் கல்சுவரில் மோதித் திரும்பும்போது, அவர் எந்த நிறம், நான் எந்த நிறம் என்ற நினைப்பே எனக்கு இருக்காது. கலை அந்த அளவுக்கு நெருங்கி வரும். அவ்வளவு நெருக்கமாக வந்துவிட்ட ஒன்றிடம்தான், என்னைப் போன்றவர்கள் எங்கே என்று உரிமையோடு கேட்க முடியும். வேண்டாத வீட்டில் போய் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் லைட் அசைலம் குழுவில் ஷானன் ஃபஞ்சஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் குரல் இருக்கிறது; அரங்கின் கடைசிச் சுவர்வரை போய் முட்டும் ஆழ்ந்த குரல். லண்டனின் ஓ. சில்ட்ரன் குழுவின் கனத்த குரலும் ஒரு கறுப்பினப் பாடகருடையதே. அமெரிக்க எழுத்தாளர் லைலா டெய்லர் 2019இல் 'டார்க்லி' என்ற நூலை எழுதினார். அமெரிக்காவின் கோதிக் மனத்தின் வேர், அடிமை வரலாற்றிலும் கறுப்பின மக்களின் துயரத்திலும் இருக்கிறது என்று அது காட்டுகிறது. கோத் இசையை நேசிக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணாகவே அவர் அதை எழுதுகிறார். அந்த நூலைப் படித்தபோது, இவ்வளவு நாள் எங்கிருந்தாய் என்று அதைக் கேட்கத் தோன்றியது.

எல்லாவற்றுக்கும் பிறகு எனக்கு ஓர் ஆசை உண்டு. ஆரஞ்ச் படத்தையும் டோக்கியோ வீடியோவையும் புதுப்பித்து ஒரே பெட்டியில் சேர்த்து வெளியிட வேண்டும். இரண்டிலும் 'ஷேக் டாக் ஷேக்' இருக்கட்டும். ஒன்றில் ஆண்டி ஆண்டர்சன் வாசிப்பதை முழுதாகப் பார்த்த கையோடு மற்றதில் போரிஸ் வில்லியம்ஸ் வாசிப்பதைப் பார்க்கும்படி வரிசைப்படுத்த வேண்டும். கூடவே வரும் சிறுபுத்தகத்தில் ஆண்டர்சனுக்கு அடிக்குறிப்பு போதாது, ஒரு கட்டுரை வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்த்த ஒரு டிரம்மர் எழுதினால் நல்லது. அரபுப் பாட்டைப் பற்றிய பகுதியை ஓர் அல்ஜீரியர் எழுத வேண்டும். அப்படி ஒரு பெட்டி வெளிவந்தால் எவ்வளவு விலையானாலும் இரண்டு வாங்குவேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.